கிளிஃபர்ட் ஸ்னெலும் மூக்கைத் தூக்கிய காரும்

கெட்டரிங் நகரத்திலேயே கிளிஃபர்ட் ஸ்னெலின் விரல் நகங்கள்தான் சுத்தமானவை. ஒரு பாதிரியாருக்கோ பல் வைத்தியருக்கோ அப்படி நகம் இருந்தால் பாராட்டலாம். ஆனால் ஸ்னெல், வட்டாரப் பழைய கார்க் கழகத்தின் தொழில்நுட்பச் செயலாளர். பத்தொன்பது வருடங்களாக மாதம் தவறாமல் கழகத்தின் இதழில் 'சரியான முறை' என்ற தலைப்பில் எழுதிவந்தவர். காரின் எந்த உறுப்பை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, ஊரிலுள்ள மற்ற மடையர்கள் அதை எப்படித் தப்பாக மாட்டுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் தன் கையால் கழற்றியது தன் மேல்கோட்டை மட்டும்தான்.

உத்தியோகத்திலும் அவர் அப்படித்தான். நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உத்தியோகம். எந்தத் தெருவில் எத்தனையாவது கம்பத்தில் என்ன விளக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு விளக்கையாவது தொட்டதுண்டா என்றால் இல்லை. ஏணியில் ஏறுகிறவர்களைக் கீழே நின்று திருத்துவதுதான் அவர் வேலை. அறுபது வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பியபோது ஏணிக்காரர்கள் ஏழு பேரும் சேர்ந்து விருந்து வைத்தார்கள். அந்த விருந்துக்கு அவரைக் கூப்பிடவில்லை.

வீட்டின் பக்கவாட்டில் அவருடைய கார் ஷெட் இருந்தது. உள்ளே அறுபத்தேழாம் வருடத்துப் பச்சை நிறக் கார். இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை, தரையோடு தரையாகத் தவழும் உடம்பு. சுவரில் ஸ்பேனர்கள் அளவு வரிசையில் தொங்கும். ஒவ்வொரு ஸ்பேனரைச் சுற்றியும் வெள்ளை வண்ணத்தில் அதன் வடிவத்தை வரைந்திருப்பார், எடுத்தது எங்கே திரும்ப வரவேண்டும் என்று தெரிய. எடுத்தால்தானே. பதினாறாம் நம்பர் ஸ்பேனரில் ஒரு சிலந்தி மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்திவந்தது.

கார் எப்படி ஓடிற்று என்றால், எட்டு மைல் தள்ளிக் கார்பி ஊரில் ஒரு போலந்துக்கார மெக்கானிக் இருந்தார். கழகத்துக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் செவ்வாய்க்கிழமை மதியம் கார் அங்கே போகும், வியாழக்கிழமை திரும்பும். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்னெல், மனைவி வினிஃப்ரெட்டின் பழைய முகக்கிரீம் டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த மசகு எண்ணெயிலிருந்து ஒரு துளி எடுத்துக் கன்னத்தில் தொட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசலில் நிற்பார்.

அந்த வருடம், அதாவது தொண்ணூற்று மூன்றில், மே மாதக் கூட்டத்தில் வினை வந்தது. கூட்டம் வழக்கம்போல 'மூன்று வாத்துகள்' மதுக்கடையின் பின்னறையில். ரொட்டிக்கடை எட்கர் பாப்ஜாய் எழுந்து, ஊறுகாய் வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாக எதையோ வைத்தார். செத்த எலியின் காதைப் போலக் கிழிந்து கிடந்தது.

"மிஸ்டர் ஸ்னெல், இது என்னன்னு தெரியுதா?"

ஸ்னெல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "ரப்பர் புஷ். மூட்டுல இரும்போட இரும்பு உரசாம நடுவுல சொருகறது. இன்னும் சரியா சொன்னா, கைப்பக்குவம் இல்லாத ஆள் மாட்டின ரப்பர் புஷ்."

"உங்க கட்டுரையை மடியில வச்சுக்கிட்டு வரிக்கு வரி செஞ்சேன். முன்பக்கம் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், புது புஷ், எல்லாம் நீங்க சொன்ன ரகம். எட்டு வாரம். எட்டே வாரத்துல எட்டு புஷ்ஷும் இப்படி. வண்டி தெருவுல போனா கிறீச் கிறீச்சுன்னு, புறா எல்லாம் சர்ச் கோபுரத்தை விட்டே குடிபோயிடுச்சு."

"மாவு பிசையிற கைல ஒரு முரட்டுத்தனம் இருக்கும், பாப்ஜாய். அது உங்க தப்பு இல்ல. தொழில் அப்படி."

எட்கர் பாப்ஜாயின் கழுத்து சிவந்தது. "அப்போ மென்மையான கையால நீங்க செஞ்சு காட்டுங்க. உங்க ஷெட்ல, உங்க வண்டில, எங்க கண்ணு முன்னால."

கழகத் தலைவர் ஹம்ஃப்ரி குவில் தொண்டையைச் செருமினார். "இது ரொம்ப சுவாரஸ்யமான யோசனையா இருக்கே" என்றார். அந்த வட்டாரத்தில் ஒன்றைச் சுவாரஸ்யம் என்றால், அதைக் கையால் தொடமாட்டேன், குச்சி இருந்தால் தள்ளிவிடுவேன் என்று அர்த்தம். ஆனால் பதினேழு உறுப்பினர்களும் கை தூக்கிவிட்டார்கள். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை செய்து காட்டுவது, கார் தெருக்கோடி சர்ச் வளைவைச் சுற்றி வந்து நிற்பது, அதைப் பார்த்தபின் ஜூலைக் கூட்டத்தில் தொழில்நுட்பச் செயலாளர் பதவியை யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்வது.

ஸ்னெல் கண்ணை மூடி மெல்லச் சிரித்தார். கூட்டத்தில் எவர் எது சொன்னாலும் அவர் அப்படித்தான் சிரிப்பார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்த முகமூடி மாதிரி.

"கார்பிக்காரரைக் கூப்பிடேன்" என்றாள் வினிஃப்ரெட், தட்டில் பட்டாணியைப் போட்டபடி.

"அவர் ஈஸ்டருக்கே மகளோட கனடாவுக்குப் போயிட்டார்."

"ஐயோ பாவம்."

"அவரா?"

"கார்" என்றாள் வினிஃப்ரெட். "கிளிஃப், இந்த வீட்டுல பல்பு மாத்தறது யாரு?"

"அது வேற, வின்னி."

"தெருவிளக்கு ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் இருந்தவரு. கழிவறை பல்பு போனா பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடறேன் நான்."

"நான் பத்தொன்பது வருஷமா இதைப் பத்தி எழுதறேன்!"

"அதான் பயமா இருக்கு" என்றாள் வினிஃப்ரெட்.

பயம் அவருக்கும் இல்லாமலில்லை. அந்தப் பதவி போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை ரகசியமும் ஒரு முகக்கிரீம் டப்பாவும். கழகத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது என்பது அவருக்கே தெரியும். ஆனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் அவர் பக்கம்தான் திரும்புவார்கள். அந்தத் திரும்பலுக்காகத்தான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆகவே நான்கு வாரமும் விழுந்து விழுந்து படித்தார். எதை? கார் கம்பெனிக்காரர்கள் போட்ட பழுதுபார்ப்புப் புத்தகம் கூடத்து அலமாரியில் இருந்தது. அவர் படித்தது அதை அல்ல. தான் எழுதிய கட்டுரையைப் படித்தார். படிக்கப் படிக்க, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறோம் என்று அவருக்கே பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை மழை பெய்தது. ஜூன் மாதம், அதிலென்ன ஆச்சரியம். பதினேழு பேரும் மடக்கு நாற்காலி, பிளாஸ்க், குடை, ஒரு ஸ்பேனியல் நாய் சகிதம் வந்து ஷெட் வாசலில் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். கழகத்தில் ஒரே பெண் பெரில் டன்மோர். செருப்பு ஆலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவள், ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய சிவப்புக் கார் முப்பது வருடமாக ஒரு நாள் கூட வழியில் நின்றதில்லை. பதினோரு வருட உறுப்பினர் வாழ்வில் கழகம் அவளிடம் கேட்ட ஒரே உதவி முட்டை சாண்ட்விச். அன்றைக்கும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். அவள் கடையில் வாங்கி, விலைச்சீட்டைக் கூடக் கிழிக்காமல் கொண்டு வந்து வைத்தாள்.

ஸ்னெல் ஜாக்கியால் காரின் மூக்கைத் தூக்கி, இரண்டு இரும்பு முக்காலிகளின் மேல் நிறுத்தினார். சக்கரங்கள் கழன்றன. அப்புறம் ஒரு பிரசங்கம்.

"பின்னால தள்ளுங்க, எல்லாரும். இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் நசுங்கி உக்காந்திருக்கு. ஐம்பத்தொன்பதுல ராத்வெல்ல ஒருத்தர் அவசரப்பட்டார். ஸ்பிரிங் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போய் ஒரு பறக்கற வாத்தை அடிச்சுது. வாத்து விழுந்தது அடுத்த மாவட்டத்துல."

"சமைச்சே விழுந்துச்சா?" என்று வினிஃப்ரெட் சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள்.

ஸ்பிரிங் ஒன்றும் பறக்கவில்லை. கீழே ஜாக்கியைக் கொடுத்து மெல்ல மெல்ல இறக்க, அது கிழப்பூனை மாதிரி உடம்பை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வேகம்தான் இல்லை. ஒவ்வொரு நட்டையும் கழற்றுமுன் அதன் பெயர், பிறப்பு, குணநலன் எல்லாம் சொன்னார். பழைய ரப்பர் வெளியே வருவதற்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். புது புஷ் உள்ளே போயிற்று. கெட்டியான புது ஸ்பிரிங் ஏறிற்று. காற்றில் தொங்கிக்கொண்டிருந்த சக்கரத்தாங்கியின் கீழ்க்கையைப் பிடித்து, போல்ட்டை மாட்டி, பெரிய ஸ்பேனரை எடுத்தார்.

"இப்பவே முறுக்கப் போறியா, கண்ணு?" என்றாள் பெரில்.

அந்த வட்டாரத்தில் பஸ் நடத்துநர் முதல் பாதிரியார் வரை எல்லோரையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்னெலுக்குப் பிடிக்காது.

"மிஸஸ் டன்மோர், தையல் மிஷின் வேற, கார் வேற."

"சரி" என்றாள் பெரில். இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டாள்.

ஒரு பக்கம் முறுக்கி முடித்து மறுபக்கம் வந்து மல்லாந்து படுத்தார். முதுகில் சிமெண்டின் ஈரம் ஏறிற்று. கண்ணுக்கு மேலே போல்ட். அந்தக் கேள்வி காதுக்குள் சிக்கிக்கொண்ட எறும்பாக ஊர்ந்தது. இப்பவே முறுக்கப் போறியா? ஏன் கேட்டாள்? இப்போது இல்லாமல் வேறெப்போது? அலமாரியில் புத்தகம் இருக்கிறது. இருபது தப்படி. எழுந்து போய் ஒரு நிமிடம் புரட்டிப் பார்க்கலாம். பார்க்கலாம்தான், பதினேழு பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் எழுந்து புத்தகம் பார்க்கப் போகிறவனா தொழில்நுட்பச் செயலாளர்? படுத்த வாக்கில் அவர் முதல்முறையாக ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டார்: தனக்குத் தெரியாது. இந்த ஞானம் வந்த மனிதன் என்ன செய்ய வேண்டும்? எழுந்திருக்க வேண்டும். ஸ்னெல் பல்லைக் கடித்துக்கொண்டு முன்பைவிட இரண்டு மடங்கு பலமாக முறுக்கினார்.

சக்கரங்கள் ஏறின. முக்காலி விலகியது. ஜாக்கி இறங்கிற்று. கார் இறங்கவில்லை.

முழுக்க இறங்காமல் இல்லை. சக்கரம் தரையைத் தொட்டது. ஆனால் மூக்கு மேலேயே நின்றது. மேசைமேல் இறைச்சி வாசம் பிடித்த நாய் மாதிரி, பச்சைக் கார் முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. முன்சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு கோழி அடைகாக்க இடம் இருந்தது.

பதினேழு பேரும் குடைக்குக் கீழே குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்கள்.

"சுவாரஸ்யமா இருக்கு" என்றார் குவில்.

"ரொம்ப சுவாரஸ்யம்" என்றார் பக்கத்திலிருந்தவர். அது கொட்டாவி மாதிரி வரிசையாகப் பரவிற்று.

"புது ஸ்பிரிங்" என்றார் ஸ்னெல். "படிஞ்சு வரணும். கொஞ்சம் பாரம் கொடுத்தா சரியாயிடும். குவில், தயவுசெஞ்சு முன்னால உக்காருங்க."

குவில் மூக்கின்மேல் உட்கார்ந்தார். கார் அசையவில்லை. எட்கர் பாப்ஜாய் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர், அவர் மச்சான், அந்த மச்சானின் மடியில் ஸ்பேனியல். கடைசியில் ஒன்பது பேர், குடைகளை விரித்தபடி, வெள்ளத்தில் வீட்டுக்கூரை ஏறியவர்களைப் போல அந்தச் சின்னக் காரின் முகத்தில் அப்பிக்கொண்டார்கள். கார் முனகிக்கொண்டே தணிந்தது.

"பாத்தீங்களா!" என்றார் ஸ்னெல். "எழுந்திருங்க."

எழுந்தார்கள். காரும் எழுந்தது. எல்லோருக்கும் பிந்தி எழுந்த குவிலை மட்டும் அது கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு தூக்கி அனுப்ப, அவர் வினிஃப்ரெட்டின் ரோஜாப் பாத்திக்குள் போய் உட்கார்ந்தார். அடுத்த மாவட்டம் வரைக்கும் போனார் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு.

ஸ்னெல் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் சிரிப்பு ஒட்டவில்லை. காரின் மூக்கைப் பார்த்தார், பதினேழு முகத்தைப் பார்த்தார், பார்ப்பதற்கு வேறெதுவும் மிச்சமில்லாமல் தன் நகங்களைப் பார்த்தார். முதல்முறையாக அவை கறுப்பாக இருந்தன.

பெரில் சாண்ட்விச்சை முடித்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"ரெண்டு கனமான பலகை கொடு, கண்ணு. நீ, பாப்ஜாய், வந்து தள்ளு."

முன்சக்கரங்கள் இரண்டும் பலகைமேல் ஏறின. அடியில் ஆள் புக இடம் வந்தது; ஜாக்கி இல்லாமலே கார் தன் காலில், தன் முழுப்பாரத்தோடு நின்றது. பெரில் ஸ்னெலின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, கூடவே சுவரிலிருந்து பதினாறாம் நம்பரையும் எடுத்து, சிலந்தியை ஊதிவிட்டு, அடியில் புகுந்தாள்.

"சக்கரம் தொங்கறப்போ முறுக்கினா, ரப்பர் அந்தத் தொங்கின நிலையையே கெட்டியா பிடிச்சுக்கும்" என்று அவள் குரல் மட்டும் வெளியே வந்தது. "அப்புறம் வண்டியை இறக்கினா பாவம் அது முறுக்கிக்கிட்டே நிக்கும். கழுத்தைத் திருப்பி வச்சுக்கிட்டே தூங்கற மாதிரி. எத்தனை நாள் தாங்கும்? எட்டு வாரம் தாங்கினதே பெரிசு. வண்டி முதல்ல கால்ல நிக்கணும். அப்புறம்தான் கடைசி முறுக்கு."

போல்ட் தளர்ந்தது. யானைப் பெருமூச்சு போல ஒரு சத்தம். மூக்கின் ஒரு பக்கம் அடங்கிற்று. மறுபக்கமும் தளர்த்தினாள்; கார் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய மனிதன்போல நிம்மதியாகத் தாழ்ந்து உட்கார்ந்தது. அப்படியே வைத்து எல்லாவற்றையும் திரும்ப முறுக்கினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கம்பெனி புத்தகத்துலயே இருக்கே" என்றாள் வெளியே வந்து. "புஷ் மாட்டற படத்துக்கு அடுத்த பக்கத்துல. திருப்பலியா நீ?"

எல்லோரும் ஸ்னெலைப் பார்த்தார்கள். ஒரு மனிதன் உண்மை சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் கிடைப்பதரிது. கார் சரியாகிவிட்டது, மழை விட்டுவிட்டது, தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. திருப்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பதினேழு பேரும் அவரைத் தோளில் தட்டியிருப்பார்கள்.

"இதைத்தான் அடுத்த கட்டமா செஞ்சு காட்டலாம்னு இருந்தேன்" என்றார் ஸ்னெல். "தப்பா செஞ்சா என்ன ஆகும்னு முதல்ல நீங்க பாக்கணும்ல?"

ஒருவர் தன் பிளாஸ்க்கின் மூடியை ஆராய்ந்தார். இன்னொருவர் நாயின் காதைத் துடைத்தார். "பிரமாதமான விளக்கம்" என்றார் குவில், பின்புறத்திலிருந்து முள்ளைப் பிடுங்கியபடி.

"அப்போ என் எட்டு புஷ்ஷும் விளக்கத்துல சேத்தியா?" என்றார் எட்கர் பாப்ஜாய்.

ஸ்னெல் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

சர்ச் வளைவில் கார் தண்டவாளத்தில் போவதுபோலத் திரும்பிற்று. முன்பெல்லாம் அந்த இடத்தில் அது மூக்கை வெளியே நழுவவிடும். இப்போது சாலையின் ஒவ்வொரு வளைவும் கையில் வந்து சேர்ந்தது. அறுபத்தைந்து வயதில் அவர் தொண்டையிலிருந்து குழந்தை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அரை மைல் தூரம் அவர் சந்தோஷமான மனிதராக இருந்தார். அடுத்த அரை மைலில், அந்த வேலையைச் செய்தது தான்தான் என்று மனப்பூர்வமாக நம்பத் தொடங்கிவிட்டார்.

"பதினேழு பேரும் நம்பின மாதிரி நடிச்சாங்க" என்றாள் வினிஃப்ரெட் அன்று சாயங்காலம், ரோஜாச் செடிக்குக் கட்டுப்போட்டபடி. "முப்பத்தெட்டு வருஷமா நான் ஒருத்தியா பாக்கற வேலை. ஆள் நிறைய சேந்ததால எனக்கு இன்னிக்குக் கொஞ்சம் ஓய்வு."

ஜூலைக் கூட்டத்தில் குவில் எழுந்து பதவியைப் பற்றிப் பேச்செடுத்தார். எல்லோரும் பெரிலைப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் பெரில். "மாசா மாசம் உக்காந்து எழுதறதா? எனக்கு ஓட்டறதுக்கு வண்டி இருக்கு."

எட்கர் பாப்ஜாயைப் பார்த்தார்கள். அவருக்கு எழுத்துக்கூட்டல் வராது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவசரமாகக் கோப்பைகளைப் பார்த்தார்கள். காருக்கு மெழுகு போட்டுத் துடைப்பதைத் தவிர அவர்களில் பாதிப்பேர் வேறெதுவும் செய்ததில்லை. தவறாகவேனும் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தால்தான் தாங்கள் மெழுகோடு நிம்மதியாக இருக்கலாம். பதினான்கு கைகள் ஸ்னெலுக்காக உயர்ந்தன. எட்கர் பாப்ஜாய் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: இனிமேல் அச்சுக்குப் போகுமுன் பெரில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே இப்போது மாதக் கடைசி புதன்கிழமைகளில் ஸ்னெல், தட்டச்சு செய்த ஆறு தாள்களை உறையில் போட்டுக்கொண்டு பெரில் வீட்டுப் பின்வாசலில் நிற்பார். பெரில் உட்காரச் சொல்ல மாட்டாள். அவர் நின்றுகொண்டிருக்க, அவள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ரம்பம் ஓட்டுவதுபோலப் பென்சிலால் அறுத்துக்கொண்டே போவாள். "இது தப்பு. இது உனக்கே தெரியாது. இது யாரையோ திட்டறது, வேண்டாம். இது என்ன, வாத்தா? எடு." கடைசியில் நான்கு வரி நிற்கும்.

அந்த நான்கு வரிகளைப் பார்த்துத்தான் ஆகஸ்டில் எட்கர் பாப்ஜாய் தன் காரின் முன்பக்கத்தைத் திரும்பச் செய்தார். கிறீச் சத்தம் நின்றது. மதுக்கடையில் குவில் வந்து ஸ்னெலின் கையைப் பிடித்துக் குலுக்கி, பத்தொன்பது வருடத்தில் இதைப்போல ஒரு கட்டுரை வந்ததில்லை என்று பாராட்டினார். இந்தத் தடவை அவர் மனதிலிருந்துதான் சொன்னார். பெரில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, தன் பீரை மெல்லக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்னெல் கண்ணை மூடிச் சிரித்தார்.

"சுருக்கம், குவில்" என்றார். "எல்லாருக்கும் அது கைவராது."